முழங்காலுக்கு அனுமதி இல்லை

"முழங்கால் தெரியுது. உள்ள விட முடியாது."

கோயில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் ஃபாதர் யெராசிமோஸ். அடைப்பது அவருக்குச் சிரமமே இல்லை, ஆகிருதி அப்படி. அவர் வாசலில் நின்றால் கதவு திறந்திருந்தும் பிரயோசனமில்லை.

எதிரே டீமோஸ். உயரத்திலும் அகலத்திலும் ஃபாதருக்குச் சளைத்தவன் இல்லை. கையில் குழந்தையின் ஞானஸ்நான உடுப்புப் பெட்டி. தொப்பி, கவுன், காலுறை, ஷூ, எல்லாம் வெள்ளை வெளேரென்று. அந்தத் தீவில் ஞானத்தகப்பன்தான் குழந்தைக்குத் தலை முதல் கால் வரை புதுசு உடுத்திவிட வேண்டும். டீமோஸ் ஒன்றையும் மறக்கவில்லை. தனக்குத்தான் ஒரு பேன்ட் கொண்டுவரவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தெயோனி பேச்சைக் கேட்டான்.

தெயோனி குழந்தையின் அத்தை. கோயிலுக்கு எதிரே காபிக்கடை, மாடியில் வாடகை அறைகள். என்ன துணி எடுத்து வரட்டும் என்று யார் போனில் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். மெல்போர்னிலிருந்து தம்பியின் பால்ய சிநேகிதன் டீமோஸ் கேட்டபோதும் அதையே ஒப்பித்தாள்.

"ஆகஸ்ட்ல இங்க பேன்ட்டா? வெந்து போயிடுவ. ரெண்டு டவுசர், ஒரு தொப்பி, போதும். மெல்டெமிக் காத்து பேயா அடிக்கும், தொப்பிக்கு மட்டும் கயிறு வச்சுக்க."

அங்கே குளிரில் விறைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது தேவவாக்கு.

"ஃபாதர், பாதி உலகத்தைச் சுத்தி வந்திருக்கான்" என்று கெஞ்சினாள் தெயோனி.

"அந்தப் பாதி உலகத்துல ஒரு பேன்ட்கூட விக்கலையா?"

"நான்தான் வேணாம்னேன். இந்த வெயில்ல..."

"நீ எல்லாருக்கும்தான் சொல்ற! நான் நாலு பாஷையில போர்டு எழுதி மாட்டறேன். நீ போன்லயே அழிச்சுடற!"

வருஷா வருஷம் நடக்கிற சண்டைதான். மற்ற நாளாக இருந்தால் தெயோனி ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று அதற்கு நேரமில்லை. தம்பி கப்பல்காரன். நாளைக் காலை கிளம்பினால் அடுத்த விடுப்பு எப்போது என்று அவனுக்கே தெரியாது. ஞானத்தகப்பன் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை, ஞானஸ்நானம் இல்லாமல் பெயரும் இல்லை. குழந்தை இன்னும் வெறும் 'குட்டி'தான். எல்லாம் தன் வாயால் வந்த வினை என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பேன்ட்டுக்கு ஊரையே சல்லடை போட்டாயிற்று. மீன்காரர் பேன்ட் டீமோஸுக்குத் தொடையோடு நின்றுவிட்டது. தபால்காரருடையது டர்ரென்று கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை, துணிக்கடையில் பூட்டு.

"டவுசர்ல வர்ற பொம்பளைங்களுக்குக் கோயில்ல குடுக்கற பூப்போட்ட பாவாடை இருக்கே, அதைக் கட்டிக்கட்டுமா ஃபாதர்?" என்றான் டீமோஸ்.

"அதுக்கு உன் முழங்காலே தேவலாம்."

ஃபாதர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கல்லுல கூட ஈரம் கசியும், இந்த ஆள்கிட்ட கசியாது" என்றாள் தெயோனி.

கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு கை நுழைகிற அளவு திறந்தது. ஒரு கறுப்பு பேன்ட் வெளியே வந்து விழுந்தது.

"யாரோ விட்டுட்டுப் போனது. மாட்டிக்கிட்டு வா, குழந்தைக்கு வச்ச தண்ணி ஆறுது!"

டீமோஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தெயோனிக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"பாத்தியா! உள்ள வச்சுக்கிட்டே நம்மள நாயா அலைய விட்டிருக்காரு!"

ஆனாலும் டீமோஸ் "கிரிசாந்தி!" என்று பெயரை உரக்கச் சொன்னபோதும், முங்கி எழுந்து வீறிட்ட குட்டிக்கு அந்தத் தடித்த விரல்களால் காலுறை மாட்டிவிட்டபோதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஃபாதர் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக அதிகம் நடமாடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

பூசை உடுப்பைக் களைந்துவிட்டு, மெல்லிய கறுப்பு அங்கியோடு ஃபாதர் முற்றத்துக்கு வந்தார். ஒரு கையில் மதுக் கோப்பை, மறு கையில் சர்க்கரை பூசிய பாதாம். இரண்டு கையும் காலியில்லாத நேரம் பார்த்து மெல்டெமி வீசியது.

ஒரே தூக்கு. அங்கி தலைக்கு மேல்.

பட்டாபட்டி டிராயர். அதற்குக் கீழே, நாலு பாஷையில் தடை செய்யப்பட்ட முழங்கால்கள் இரண்டு.

"ஊருக்குத்தான் உபதேசமா ஃபாதர்?" தெயோனி துள்ளிக் குதித்தாள். "எங்க டவுசராவது வெளிய போட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு!"

முற்றமே சிரித்தது. ஃபாதர் கோப்பையும் பாதாமுமாக, முகம் சிவக்க, முழங்கைகளால் அங்கியை அமுக்கிக்கொண்டு நின்றார்.

டீமோஸ் சிரிக்கவில்லை. குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெயோனியும் பார்த்தாள். கறுப்புத் துணியில் முழங்கால் இரண்டு மட்டும் வெளுத்துத் தேய்ந்திருந்தன, மண்டியிட்டு மண்டியிட்டு.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவசரமாகப் போய், காற்று வருகிற பக்கமாக ஃபாதரை ஒட்டி நின்றுகொண்டாள்.

"ஏன் ஃபாதர், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என் போர்டை எவன் மதிப்பான்?" என்று பல்லைக் கடித்தார். "அசையாம நில்லு, மறுபடி அடிக்குது!"

அசையாமல் நின்றபடியே தெயோனி டீமோஸைப் பார்த்துக் கத்தினாள்.

"மரமாட்டம் நிக்கறியேடா! வந்து உனக்கு உடுத்திவிட்ட உன் ஞானத்தகப்பன் கையில முத்தம் குடு!"