வெந்நீர் ஊற்றுக்குப் போய்வந்தவர்

"அந்த ஊர்ல பூமிக்குள்ளேர்ந்து வெந்நீர் ஊத்து பொங்குது! வெள்ளக்காரங்க ஆளுக்கொரு கிளாச கையில வச்சிக்கினு, ஊத்துக்கு ஊத்து நடந்தே போயி, அந்தத் தண்ணிய மருந்தாட்டம் குடிக்கிறாங்க. அதுல ஒண்ணு ராசா காலத்து ஊத்து. ஆவி பறக்கும், அழுகுன முட்ட நாத்தம் அடிக்கும்!"

பிரான்சுக்குப் போய்வந்த சமையல்காரன் மரியசூசை, தெருவில் கைவீசி நடந்துகாட்டினான். கூட்டமும் அவன் பின்னாலேயே நடந்தது.

சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் ஞானாதிக்கத்துக்கு வயிறு எரிந்தது.

"ஒழுங்கா ரசம் வைக்கத் தெரியாது. வாயப் பாரு!"

"ஊரச் சுத்திப் பாத்தவன் பேசுறான். உங்களுக்கு ஏன் எரியுது? ஆசையா இருந்தா நீங்களும் போய்க் கேளுங்களேன்," என்றாள் மனைவி பிலோமினா.

"அவன் சொல்லி நான் கேக்கணுமா?"

அதற்குள் பக்கத்து வீட்டு நாராயணசாமி சன்னலருகே வந்துவிட்டார்.

"என்னாங்க வக்கீலய்யா, கால்வலி வைத்தியத்துக்குன்னு நீங்கதானே கப்பலேறுனீங்க! தொணைக்குப் போன மரியசூசையே இவ்ளோ சொல்றான். நீங்க சொல்லுங்க, எப்படி இருந்துச்சு அந்த ஊரு?"

வக்கீல் தன் காலைப் பார்த்தார். அந்த ஊரில் போய் இறங்கிய அன்றே வீங்கி, அவரைப் படுக்கையில் தள்ளிய கால். திரும்பும்வரை ஊற்று ஊற்றாக நடந்து, கிளாசில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தவன் மரியசூசைதான்.

"ஓட்டல் ரூமு கூரை நல்ல சுத்தம்," என்றார். "ஒரு பல்லிகூட கெடையாது."