பாதிரியார் மறுத்த கல்யாணம்

கிரேக்க நாட்டின் மலைத் தொகுதி ஒன்றில் ஐந்து தேர்தல் வென்றவர் அமைச்சர் லெஃப்தேரிஸ். வக்கீலாக இருந்தபோதும் ஒரு வழக்கில்கூடத் தோற்றதில்லை என்று அவரே சொல்வார். அவருடைய அறைச் சுவரை முந்நூறு குழந்தைப் படங்கள் மறைத்திருந்தன. ஒவ்வொரு படமும் ஒரு குடும்பத்து ஓட்டு.

எதிரே ஆர்கிரிஸும் கலியோப்பியும் கைகோத்து நின்றார்கள்.

“கல்யாணத்தை நடத்த முடியாதுன்னு பாதிரியார் சொல்லிட்டாருங்க. சர்ச்சுல நடக்கலன்னா அம்மா என் முகத்துலயே முழிக்க மாட்டாங்களாம்,” என்றாள் கலியோப்பி.

“அவ்வளவுதானே? காப்பியைக் குடிம்மா. ஒரே வாதத்துல அவரைக் கவுத்துடறேன். என்ன காரணம் சொல்றாரு?”

“நாங்க அண்ணன் தங்கச்சியாம்.”

“உளறல்! ஒரே அப்பாவா உங்களுக்கு?”

“ஒரே ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துல ரெண்டு பேரையும் கையில ஏந்தி நின்னது ஒரே ஆளு. அப்படின்னா சர்ச் கணக்குல கூடப் பிறந்தவங்களாம்.”

அமைச்சர் மேசையில் ஓங்கி அடித்தார். “ஞானத்தகப்பனா நிக்கறவன் ஆம்பளைப் பிள்ளைங்களோட நிறுத்திக்கணும், இல்ல பொம்பளைப் பிள்ளைங்களோட நிறுத்திக்கணும். ஆடு மேய்க்கிறவனுக்கே தெரியுமே! எந்த முட்டாள் அவன்?”

ஆர்கிரிஸ் சுவரில் இரண்டு படங்களைத் தொட்டுக் காட்டினான். இரண்டிலும் குழந்தையை ஏந்திக்கொண்டு அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வாசல்ல இன்னும் ஏழு ஜோடி நிக்குது, ஞானத்தகப்பா,” என்றாள் கலியோப்பி.