நுண்ணிய காது

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கர்நாடகக் கச்சேரி முடிந்து, மருத்துவர் மலர்விழியின், காதைப் பற்றிய அறிவியல் பேச்சு தொடங்கவிருந்தது.

"பாடகிக்குச் சுருதி மயிரிழை இறங்கிடுச்சு. என்னைத் தவிர இங்க யாருக்கு அது தெரியும்?" என்று அம்பலவாணர் சலித்துக்கொண்டார். முப்பது வருட ரசிகர். அவர் காதுக்கு அங்கே தனி மரியாதை.

கேரி தீவு எஸ்டேட்டிலிருந்து வேனில் வந்திருந்த பாக்கியம் பக்கத்து நாற்காலியில் சிரித்தாள். "எனக்கு எல்லாமே நல்லா இருந்துச்சு அங்கிள்."

"எஸ்டேட்ல ரேடியோ கேட்டு வளர்ந்த காது. அப்படித்தான்லா இருக்கும்."

மேடையில் மருத்துவர் ஒரு கருவியைக் காட்டினார். "இதுல ரொம்ப மெல்லிய ஒலி வரும். கேட்ட உடனே கை தூக்குங்க."

மண்டபம் மூச்சடக்கிக் காத்திருந்தது. அம்பலவாணரின் கை மட்டும் உயர்ந்தது.

"என்னம்மா, கேட்கலையா?" என்று பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணும் கேட்கல அங்கிள்."

"எப்படிக் கேட்கும்? அதுக்கு ஞானம் வேணும்!" கையை இன்னும் விறைப்பாக நீட்டினார்.

மருத்துவர் சங்கடத்தோடு நெளிந்தார். "மன்னிக்கணும் சார். நான் இன்னும் கருவியை ஆன் பண்ணவே இல்ல."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. இறக்கவும் தெரியாமல் அம்பலவாணரின் கை அந்தரத்திலேயே நின்றது.

பாக்கியம் சட்டென்று தன் கையைத் தூக்கினாள்.

"எனக்கும் கேட்டுச்சு டாக்டர்!"

சிரிப்பு முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.