எட்டாவது கொக்கி

கோயில் வாசலில் ஒன்பது கொக்கிகள். நாலு முகத்தில் தொடங்கி, இரண்டிரண்டாய்க் கூடி, இருபது முகம்வரை கிறிஸ்துமஸ் விளக்குக் கூண்டுகள் வரிசையாய்த் தொங்க வேண்டும். எல்லாமே ஒரே அளவு சமபக்க முக்கோண அட்டைகள். எங்கும் பள்ளம் விழக்கூடாது. அல்போன்சாள் எட்டுக் கூண்டுகளை முடித்துவிட்டாள். பதினெட்டு முகம் மட்டும் படிய மாட்டேன் என்றது. ஏழு தடவை ஒட்டிப் பிரித்தாள். கடைசியில் இன்னொரு இருபது முகக் கூண்டு செய்து, அதில் இரண்டு அட்டைகளைப் பிய்த்து, ஓட்டையை இழுத்து மூடினாள். ஒரே மூலையில் ஆறு முக்கோணங்கள் கூடின. அந்த மூலை பொசுக்கென்று உள்ளே அமுங்கியது.

“அமுங்கினா அமுங்கட்டும் மதினி, யாரு எண்ணப் போறா?” என்றாள் நாத்தனார் ரெஜினா.

அல்போன்சாளுக்குப் புல்லரித்தது. “ஏட்டி, தப்பு என் கையில இல்ல! எப்படி ஒட்டுனாலும் ஒரு மூலையில ஆறு கூடி அமுங்கிருது. பள்ளமில்லாத பதினெட்டு முகம் உலகத்துலயே கிடையாது!” சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறி, எட்டாவது கொக்கியில் வெறும் பல்பை எரியவிட்டாள்.

பூசைக்கு வந்தவர்களெல்லாம் அந்தப் பல்புக்குக் கீழேதான் நின்றார்கள். ரெஜினாவை மட்டும் காணோம். அல்போன்சாள் தேடிப் போனபோது, அவள் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, தானே புதிதாய் ஒட்டிய கூண்டின் முகங்களைப் பசை அப்பிய விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்: “பதினாறு... பதினேழு...”