இரண்டாவது லைனில் வஸீலா

“இரண்டாவது லைன்ல மறுபடியும் அந்த வஸீலா. எடுக்காதீங்க, சார்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நஜ்லாவின் குரல் ஹாதியின் ஹெட்போனில் வந்தது. ஒலிபரப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிய இன்னும் ஒரு நிமிடம்.

ரமலான் பத்தொன்பதாம் நாள். நோன்பு திறக்க முக்கால் மணி நேரம் இருந்தது. ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் வீட்டுக்கு வீடு சூப் கொதிக்கிற அந்த நேரத்தில்தான் ஹாதியின் நிகழ்ச்சி. முந்தின இரவு பார்த்த டிவி தொடர், கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் ஊர்ப் பழக்கம், அன்றைய செய்தி என்று நேயர்களோடு அரட்டை. நோன்பு மாதம் முழுக்க உண்டு, பெருநாளோடு முடிந்துவிடும்.

“ஏன் எடுக்கக் கூடாது?”

“ஸ்டேஷன் டைரக்டர் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிட்டார். தொடரைப் பத்திப் பேசறேன்னு வர்றாங்க, அப்புறம் மாமியார் இருமல், மாடி ஒழுகல்னு வீட்டுக் கதையா அளக்கறாங்க. நிறைய புகாராம். இன்னிக்கும் அவங்களைப் பேச விட்டா, அடுத்த வருஷம் இந்த நிகழ்ச்சி உங்களுக்குக் கிடையாதாம்.”

நஜ்லா இந்த வருடம்தான் தயாரிப்பாளராக வந்திருந்தாள். கெட்ட பெண் இல்லை. தன் வேலைக்கும் சேர்த்து உலை வைத்துவிடுவாரோ இந்த மனிதர் என்கிற பயம் அவளுக்கு.

பாட்டு முடிந்தது. ஹாதி கையை நீட்டி இரண்டாவது லைனை எடுத்தார்.

“சொல்லும்மா, வஸீலா. நேத்து தொடர் பார்த்தியா?”

“எங்கே அண்ணே முழுசாப் பார்த்தேன். அந்த மூத்த மருமக, புருஷன் எழுதின கடுதாசியைப் பிரிக்காமலே அடுப்புல போட்டாளே, அதுவரைக்கும்தான்.”

“அவ செஞ்சது சரியா?”

“கோபத்துல போட்டுட்டா. நாளைக்குப் படிக்கணும்னு தோணினா சாம்பலையா படிப்பா?”

ஹாதி சிரித்தார். “அதுக்கு மேல ஏன் பார்க்கலை? தூங்கிட்டியா?”

“ஆஸ்பத்திரியில இருந்தேன். வராந்தா டிவியை நர்ஸ் வந்து அணைச்சுட்டாங்க. போன வாரம் உங்க அறிவியல் பேச்சுக்கு ஒரு டாக்டர் வந்தாரே, அவர்கிட்ட நான் ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?”

“குழந்தைங்களுக்கு இதயத்துல ஓட்டை இருந்தா தானா மூடிக்குமான்னு கேட்டே. சிலருக்கு மூடும், சிலருக்கு ஆபரேஷன் பண்ணணும்னார்.”

“எங்க ரீமுக்கு மூடலை, அண்ணே.” வஸீலாவின் குரல் இறங்கியது. “முந்தாநாள் காலையில உள்ளே கொண்டு போனாங்க. அஞ்சு மணி நேரம்.”

“சார், போதும்.” ஹெட்போனில் நஜ்லா. “நான் லைனை வெட்டறேன்.”

ஹாதி நிமிர்ந்தார். கண்ணாடி வழியாக அவளையே பார்த்தபடி வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் யாரிடமும் கெஞ்சி நஜ்லா பார்த்ததில்லை. பொத்தான் மேல் போன விரல் அப்படியே நின்றது.

“பிள்ளை எப்படி இருக்கா, தங்கச்சி?”

“நல்லா இருக்கா. இன்னிக்குக் காலையில கண்ணு முழிச்சா. முழிச்சதும் ரொட்டி கேட்டு நர்ஸோட சண்டை.”

“டாக்டர் என்ன சொன்னார்? மெதுவா, தெளிவாச் சொல்லு. கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை விடாம விழணும்.”

“இனி பயமே இல்லைன்னுட்டார். பெருநாளுக்கு முன்னாடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னார். ஓடலாம், படி ஏறலாம், மத்தப் பிள்ளைங்க மாதிரியே வளருவாளாம். அவ்வளவுதான், அண்ணே. வேற ஒண்ணும் இல்லை.”

“எல்லாப் புகழும் இறைவனுக்கு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ரீம் பெருநாளுக்கு வீட்டுல இருப்பா.” பாடம் ஒப்பிக்கிறவர் போல நிறுத்தி நிறுத்தி இதையே இன்னொரு முறையும் சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குச் சைகை காட்டினார்.

நஜ்லா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வெளியே அவள் மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

“டைரக்டராத்தான் இருக்கும். என்ன சொல்லட்டும்?”

“நீ தடுத்தே, ஹாதி கேக்கலைன்னு சொல்லு. உண்மை அதுதானே?”

“அந்தம்மா உங்க சொந்தமா?”

“முகம்கூடப் பார்த்ததில்லை.”

“பின்னே ஏன் சார்? இத்தனை பேர் கேக்கற ரேடியோவுல எவளோ ஒருத்தியோட பிள்ளைக்கு நடந்த ஆபரேஷன் எதுக்கு? வீட்டு விஷயத்தை வீட்டு மனுஷங்ககிட்ட போன்ல சொல்லிக்க வேண்டியதுதானே?”

“சொல்ல வேண்டிய மனுஷன், அவ புருஷன்கிட்ட போன் கிடையாதும்மா. தெற்கே பாலைவனத்துச் சிறையில இருக்கான். அங்கே போடற ஒரே ரேடியோ நம்மளோடது. அதுவும் நோன்பு மாசத்துல, இந்த ஒரு மணி நேரம்.”

நஜ்லா கதவைச் சாத்தினாள். “அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

“வெளிப்படையாச் சொன்னா அங்கே ரேடியோவைப் பிடுங்கிடுவாங்க. அவ எப்படிச் சொல்லுவா? முதல் நாள் பேசினப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு.”

“எப்படி சார்?”

ஹாதி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி அதே சிறையில, ரேடியோவுக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குக் குழந்தை பிறந்திருக்குன்னு என் மனைவி இதே நிகழ்ச்சியில சொல்ல ஆரம்பிச்சா. வீட்டுக் கதை வேண்டாம்னு இங்கே லைனை வெட்டிட்டாங்க, பிறந்தது பையனா பொண்ணான்னு எனக்குத் தெரிய ஏழு மாசம் ஆச்சு.”