அமைச்சரின் சால்வைகள்

முப்பது வருடம் சுவரொட்டி ஒட்டி அமைச்சரான தணிகாசலத்துக்குக் காலையிலிருந்து சால்வை போர்த்தினார்கள். எதைக் கழற்றினாலும் போர்த்தியவர் முகம் சுருங்குமே என்று அவர் ஒன்றையும் கழற்றவில்லை. மாலையில் மேடையில் ஒரு ஜரிகை மலையும், உச்சியில் இரண்டு கண்களும்தான் மிச்சம். மூச்சிளைப்பு முற்றி, உள்ளிருந்து கைகளை நீட்டி, போதும் என்று கும்பிட்டுக் கெஞ்சினார்.

“மந்திரியாகியும் அண்ணனோட பணிவைப் பாருங்கய்யா” என்று கூட்டம் கைதட்டியது.

இளைப்பு மருந்தோடு ஓடிவந்த மனைவி மரகதத்தை மாவட்டச் செயலாளர் மறித்தார். “வெறுங்கையோட மேடையேறினா நல்லாவா இருக்கும், அண்ணி?”

வாசலில் ஒரு சால்வை வாங்கி வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது அந்தக் கண்கள் பாதி மூடியிருந்தன.

“போர்த்துங்க அண்ணி, போட்டோக்காரர் காத்திருக்கார்.”

விரிக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. மருந்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.