ஓரகத்தி கொடுத்தது

நிமோனியாவுக்கு ஏற்றிய மருந்து வனமாலினியின் நுரையீரலைக் காப்பாற்றிக் குடலைக் கெடுத்துவிட்டது. வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை, எழுந்து உட்காரவும் தெம்பில்லை. “அந்தக் கெட்ட கிருமி உங்க வயித்துல முன்னாடியே சும்மா கிடந்திருக்கும்மா. நல்ல கிருமிங்க சுரக்கிறதுதான் அதை அடக்கி வச்சிருந்தது. இப்ப நல்லதெல்லாம் செத்துப்போச்சு, அது விஷம் கக்குது,” என்றார் டாக்டர். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை வடிகட்டிக் குடலுக்குள் செலுத்தினால் பிழைக்கலாம் என்றார். வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் தேறியது ஓரகத்தி கௌசல்யா மட்டும்தான். வனமாலினியின் மகளுக்கு வலிப்பு உண்டென்று பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லி, கூடிவந்த கல்யாணத்தைக் கலைத்தவள் அவள். “அவளோடது என் உடம்புக்குள்ளயா? அதுக்குச் செத்தே போறேன்,” என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் வனமாலினி. கௌசல்யா வாசலில்தான் நின்றிருந்தாள். “நான் குடுத்தாச்சு அத்தான். ஏத்தறதும் கொட்டறதும் உங்க பாடு,” என்றாள். கணவர் கையைப் பிடித்தபோது வனமாலினி உதறவில்லை. ஏற்றிய சில நாளில் வயிற்றுப்போக்கு நின்றது, காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் தானாகவே எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். குடித்து முடித்ததும், பக்கத்து அறைக்கெல்லாம் கேட்கும்படி, கௌசல்யாவின் பெயரைச் சொல்லி, அவள் குடும்பம் விளங்காது என்று ஏசத் தொடங்கினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கௌசல்யா அதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து, “இனிமே பொழச்சுக்குவா. நான் கிளம்பறேன்,” என்றாள் நர்ஸிடம்.